ஒரே பந்தி... ஒரே குவளை!



ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரம் நம்மிடம் கேட்கப்படும் கேள்விகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். "பேரு என்னப்பா? எந்த டிப்பார்ட்மெண்ட்? எந்த ஊரு?" இதுவரைக்கும் சரி. அடுத்து ஒரு கேள்வி வரும், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி: "ஊர்ல எந்தத் தெரு?" தெருப் பேரைக் கேட்பது தபால் போடுவதற்கு அல்ல என்பது கேட்பவனுக்கும் தெரியும், கேட்கப்படுபவனுக்கும் தெரியும். நம் தஞ்சை ஜில்லாவில் தெரு என்றால் சாதி. அந்த ஒரு பதிலில்தான் யார் யாரோடு ரூம் எடுப்பது, யார் யார் தட்டில் கை வைப்பது என்பதெல்லாம் முடிவாகி விடுகிறது.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. ஆனால் கிறிஸ்தவ போதனையை வைத்து இதைப் பேசப் போகிறேன். "என்னடா இவன் மலர்ல மதப் பிரசாரம் பண்ண ஆரம்பிச்சுட்டான்"னு யாரும் புரட்டிப் போய்விட வேண்டாம். காரணம் இருக்கிறது. அன்பு செய், மன்னித்து விடு, ஒதுக்கப்பட்டவனைச் சேர்த்துக் கொள் என்று சொல்லாத மதம் கிடையாது. தீங்கு செய்தவனுக்கும் நன்மை செய்து அவனை வெட்கப்பட வை என்று வள்ளுவரும் சொல்லி விட்டார். சொல்வதில் குறையில்லை. ஆனால் கம்பி பலமானது என்று கேட்லாக்கில் போட்டிருந்தால் போதுமா? மெஷினில் மாட்டி இழுத்துப் பார்த்தால்தானே தெரியும்? இந்தப் போதனையை நம் காவிரிப் படுகையில் முந்நூறு வருஷத்துக்கும் மேலாக மாட்டி இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். எங்கே தாங்கியது, எங்கே அறுந்தது என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் இதை எடுத்துக் கொண்டேன்.

முதலில் அந்தப் போதனை என்ன என்று பார்ப்போம்.

'அன்பு' என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு நினைவுக்கு வருவது கிறிஸ்துமஸ் கார்டும் கேக்கும்தான். சுவிசேஷங்களைப் படித்துப் பார்த்தால் சமாசாரமே வேறு. இயேசுவின் மேல் ஊர்ப் பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன புகார் என்ன தெரியுமா? 'இவர் ஆயக்காரரோடும் பாவிகளோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்' என்பதுதான்! அவர்களுக்குப் புத்தி சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தூரத்தில் நிறுத்தி வைத்துத் தர்மம் போட்டிருந்தால் பாராட்டியே இருப்பார்கள். கூட உட்கார்ந்து சாப்பிட்டதுதான் குற்றம்.

இன்னொரு சம்பவம். நடுப்பகலில் கிணற்றடியில் ஒரு சமாரியப் பெண். யூதர்கள் சமாரியரோடு புழங்க மாட்டார்கள், அவர்கள் பாத்திரத்தில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அந்தப் பெண்ணிடம் இயேசு என்ன செய்தார்? அவளுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. அவளிடம் தண்ணீர் கேட்டார்! அவளே திகைத்துப் போனாள் என்கிறது யோவான் எழுதிய சுவிசேஷம். நண்பர்களே, இங்கே சற்று நிறுத்தி யோசியுங்கள். கொடுப்பது சுலபம். கொடுக்கும் கை எப்போதும் மேலே இருக்கும். ஒதுக்கப்பட்டவளின் குடத்திலிருந்து வாங்கிக் குடிப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் அங்கே கை கீழே இறங்கி விடுகிறது.

ஊதாரி மகன் கதை எல்லோருக்கும் தெரியும். சொத்தைப் பிரித்து வாங்கிக் கொண்டு போய் அழித்து விட்டுப் பட்டினியோடு திரும்பி வருகிறான். அப்பா ஓடிப்போய்க் கட்டிக் கொள்கிறார், விருந்து வைக்கிறார். ஆனால் கதை அதோடு முடியவில்லை. மூத்த மகன் வயலிலிருந்து வருகிறான். விருந்துச் சத்தம் கேட்டு உள்ளே வர மறுத்து வாசலிலேயே நிற்கிறான். அப்பா வெளியே வந்து அவனையும் கெஞ்சிக் கூப்பிடுகிறார். மூத்தவன் உள்ளே போனானா இல்லையா என்று கதை சொல்லவே இல்லை! தப்பு செய்தவன் உள்ளே இருக்கிறான், நல்லவன் வாசலில் நிற்கிறான். இந்தக் கதை மூத்தவனுக்காகச் சொல்லப்பட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. சமபந்தியில் உட்கார மனசில்லாமல் வாசலில் நிற்கும் எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

ஆக இந்தப் போதனையின் அளவுகோல் மனசு அல்ல, பந்தி! யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய், யார் குவளையில் குடிக்கிறாய் என்பதுதான் கேள்வி. ஆதி சபையில் வந்த பெரிய சண்டைகளில் ஒன்றும் சாப்பாட்டுச் சண்டைதான். அந்தியோகியாவில் பேதுரு பிற இனத்தாரோடு சேர்ந்து சாப்பிட்டுக் கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சொந்த இனத்தார் வந்ததும் மெல்ல நழுவித் தனியே உட்கார்ந்தார். பவுல் எல்லோர் முன்னாலும் அவரை நேருக்கு நேர் கண்டித்தார். தலைமைச் சீடருக்கே அந்தக் கதி! நம்மில் எத்தனை பேர் ஊரிலிருந்து சித்தப்பா, பெரியப்பா வந்ததும் மெஸ்ஸில் இடம் மாறி உட்காருகிறோம்? பேதுருவைக் குறை சொல்லும் முன்னே அதைக் கொஞ்சம் நினைத்துக் கொள்வோம்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

1706-ஆம் வருஷம் ஜூலை மாதம் தரங்கம்பாடிக் கடற்கரையில் சீகன்பால்குவும் புளூட்ஷோவும் வந்து இறங்கினார்கள். தஞ்சை மராத்திய ராஜ்யத்தின் ஓரத்தில் டேனிஷ்காரர்களின் சின்னக் கோட்டை அது. சீகன்பால்கு தமிழ் கற்றார், அச்சகம் வைத்தார், 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் உண்டு. அதிகம் பேசப்படாதது ஒன்று. முடி திருத்தும் தொழிலாளி ஒருவரின் விதவைக்காக, ஒரு கடன் வழக்கில் அவர் கம்பெனி ஆட்களோடு மோதினார். கோட்டைத் தலைவர் அவரைப் பிடித்து உள்ளே போட்டார். 1708-ஆம் வருஷக் கடைசியில் ஆரம்பித்துச் சுமார் நான்கு மாதம் சிறைவாசம்! தன்னை அனுப்பிய மன்னரின் நாட்டு அதிகாரியை எதிர்த்து, ஒரு நாவிதர் வீட்டு விதவைக்காக. இங்கே கம்பி தாங்கியது.

1718-இல் அவர் கட்டி முடித்த புது எருசலேம் ஆலயம் இன்றும் தரங்கம்பாடியில் நிற்கிறது. சிலுவை வடிவத்தில் கட்டிய கட்டடம். சிவில் மாணவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்து விட்டு வரலாம். ஆனால் தரங்கம்பாடி மிஷனின் கோயில்களுக்குள் மனிதர்கள் எப்படி உட்கார்ந்தார்கள்? வெள்ளாளர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம். பிளான் சிலுவை, சீட்டிங் சாதி!

அதே மிஷனில் இராஜநாயக்கன் என்று ஒருவர் இருந்தார். பறையர் குலத்தில் பிறந்தவர், தஞ்சை ராஜாவின் படையில் சேர்வைக்காரர். அச்சில் வந்த தமிழ் வேதத்தைப் படித்து மனம் மாறி, உபதேசியாராகி, தஞ்சைச் சீமையில் வருஷக் கணக்கில் ஊர் ஊராக உழைத்தார். 1733-இல் ஆரோன் என்ற வெள்ளாளர் முதல் தமிழ்ப் புராட்டஸ்டண்ட் குருவானார். அடுத்து யார் என்று பேச்சு வந்தபோது இராஜநாயக்கன் பெயரும் அடிபட்டது. தகுதியில் குறையில்லை. ஆனால் அவர் கையால் நற்கருணை கொடுத்தால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் பயந்தார்கள். 1741-இல் தியோகு என்பவர் குருவானார். இராஜநாயக்கன் 1771-இல் சாகும் வரை உபதேசியாராகவே இருந்தார்.

கவனியுங்கள், அவரை யாரும் வெளியே தள்ளவில்லை. உள்ளே விட்டார்கள். வேலை வாங்கினார்கள். பாராட்டினார்கள். குவளையை மட்டும் அவர் கையில் கொடுக்கவில்லை. உள்ளே விடுவது வேறு, வரவேற்பது வேறு என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

இதற்கு நேர்மாறாக ஒரு பெண்ணின் கதையும் உண்டு. கிளாரிந்தா! தஞ்சையைச் சேர்ந்த மராத்தியப் பிராமண விதவை. உடன்கட்டையிலிருந்து ஓர் ஆங்கில அதிகாரி அவரைக் காப்பாற்றினார் என்று சொல்வார்கள். அந்த அதிகாரியோடு அவர் வாழ்ந்தார். ஞானஸ்நானம் கேட்டபோது, மணமாகாமல் சேர்ந்து வாழ்வதைக் காரணம் காட்டி, புகழ்பெற்ற மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரே மறுத்து விட்டார். சொந்தச் சாதியும் தள்ளியது, சபையும் தள்ளியது. அதிகாரி இறந்த பிறகு அவர் மறுபடியும் கேட்டார். 1778-இல் பாளையங்கோட்டையில் அதே சுவார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் கொடுத்தார். கிளாரிந்தா அங்கே கட்டிய ஆலயம் 1785-இல் பிரதிஷ்டையானது. அதற்குப் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்றே பேர். பக்கத்தில் ஒரு கிணறும் வெட்டுவித்தார். இரண்டு பக்கமும் தள்ளப்பட்ட ஒரு பெண் ஊருக்குத் தண்ணீர் கொடுத்தார்! திருநெல்வேலிச் சபையின் வரலாறு அவர் பெயரோடுதான் ஆரம்பிக்கிறது. வாசலில் நிற்பவரை உள்ளே விட்டால் நஷ்டம் யாருக்குமில்லை.

சுவார்ட்ஸ் தஞ்சை அரண்மனைக்கும் வேண்டியவர். பிற்பாடு ராஜாவான சரபோஜியைச் சின்ன வயசில் பாதுகாத்து வளர்த்தவர். 1798-இல் அவர் இறந்தார். பிளாக்ஸ்மேன் என்ற ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு ராஜா பளிங்கில் செய்வித்த நினைவுச் சின்னம் பெரிய கோவிலுக்குப் பக்கத்தில், சிவகங்கைத் தோட்டத்துக் கிறிஸ்து நாதர் ஆலயத்தில் இருக்கிறது. ஓர் இந்து ராஜா, ஒரு பாதிரியார் படுத்திருக்கும் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறார். தஞ்சாவூர்க்காரன் பெருமைப்படலாம்.

ஆனால் அதே தஞ்சாவூரில்தான் 1833-இல் பெரிய புயல் அடித்தது. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் ஒரு கடிதம் எழுதினார். சபைக்குள் சாதி வித்தியாசம் இனிக் கூடாது, உடனே, ஒட்டுமொத்தமாக, இறுதியாக விட்டுவிட வேண்டும் என்பது சாரம். தஞ்சைச் சபையில் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்து எழுந்தார்கள். ஏராளமானவர்கள் சபையை விட்டே வெளியேறினார்கள். சில வருஷத்தில் சாதி விஷயத்தில் அவ்வளவு கெடுபிடி காட்டாத லூத்தரன் மிஷன் லைப்சிக்கிலிருந்து வந்ததும் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். இந்தச் சர்ச்சை 1833-க்கு முன்பே புகைந்து கொண்டிருந்தது. சுவார்ட்ஸ் வளர்த்த பிள்ளையும், இன்றைக்கும் தேவாலயங்களில் பாடப்படும் கீர்த்தனைகளை இயற்றியவருமான வேதநாயகம் சாஸ்திரியாரே சாதி ஆசாரத்தின் பக்கம் நின்று எழுதினார். எவ்வளவு பெரிய புலமை! எவ்வளவு பக்தி! குவளை என்று வந்ததும் கம்பி அறுந்து விட்டதே!

"பாத்தியா மச்சான், அவங்களும் அப்படித்தானே. அப்ப எல்லாம் ஒண்ணுதான், விடு" என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. நான் அப்படி நினைக்கவில்லை. லெவலிங் கருவியைப் பிடித்தவன் கை நடுங்கினால் ரீடிங் தப்பாக வரும். அதற்காக மட்டம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது என்று சொல்லி விட முடியுமா? தஞ்சைச் சபை தோற்றது என்று நமக்கு எப்படித் தெரிகிறது? அந்தப் போதனை என்ற அளவுகோல் இருப்பதால்தான் தெரிகிறது. இராஜநாயக்கனுக்கு நடந்தது அநியாயம் என்று சொல்வதற்கு வெளியிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை. அவர் படித்த அதே புத்தகம் சொல்லும்.

இனி மன்னிப்பு. இதில்தான் நம் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள்.

1968 டிசம்பர் 25. உலகமெல்லாம் கிறிஸ்துமஸ் ராத்திரி. அன்றைய தஞ்சை ஜில்லா கீழ்வெண்மணியில் 44 பேர், பெண்கள், குழந்தைகள், வயசானவர்கள், ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். தாழ்த்தப்பட்ட விவசாயக் கூலிகள். அவர்கள் கேட்டது கூலியாகக் கொஞ்சம் கூடுதல் நெல். கீழ்க்கோர்ட்டில் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் மிராசுதார்கள் விடுதலையானார்கள். இவ்வளவு வசதியானவர்கள் நேரில் வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பதும் தீர்ப்பில் சொன்ன காரணங்களில் ஒன்று.

இப்போது யாராவது வெண்மணி ஜனங்களிடம் போய், "நடந்தது நடந்து போச்சு, மறந்துடுங்க, மன்னிச்சுடுங்க" என்று சொன்னால் அது கிறிஸ்தவ மன்னிப்பா? நிச்சயம் இல்லை! மன்னிக்கும் உரிமை பாதிக்கப்பட்டவனுக்கு மட்டுமே சொந்தம். அடித்தவனோ, வேடிக்கை பார்த்தவனோ அதை அதிகாரமாகக் கேட்க முடியாது. இயேசு சொன்ன வரிசையைப் பாருங்கள். கோவிலில் காணிக்கை வைக்கப் போகிறாய், உன் மேல் சகோதரனுக்கு மனக்குறை உண்டு என்று ஞாபகம் வருகிறது. காணிக்கையை அங்கேயே போட்டு விட்டு முதலில் அவனிடம் போய்ச் சமாதானம் ஆகு, அப்புறம் சாமியிடம் வா என்றார். யார் நடந்து போக வேண்டும்? தப்பு செய்தவன்! சகேயு என்ற ஆயக்காரன் வீட்டுக்கு இயேசு சாப்பிடப் போனார். அவன் "மன்னிச்சுடுங்க சாமி" என்று கையைக் கட்டி நிற்கவில்லை. சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருகிறேன், ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். துருவைச் சுரண்டாமல் பெயிண்ட் அடித்தால் எத்தனை நாள் நிற்கும்? ஒரு மழை தாங்காது.

வெண்மணிக்குப் பிறகு கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் ஜெகநாதனும் இந்தப் பகுதிக்கு வந்து தங்கினார்கள். இருவரும் காந்தியவாதிகள். கிருஷ்ணம்மாள் தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். அவர்கள் பழிக்குப் பழி என்று சொல்லவில்லை. அதே சமயம் 'மறந்து விடுங்கள்' என்றும் சொல்லவில்லை. நிலம் வைத்திருப்பவர்களிடம் நேரே போய்ப் பேசினார்கள், சத்தியாகிரகம் செய்தார்கள். 1981-இல் 'லாஃப்டி' என்ற அமைப்பை ஆரம்பித்து, வங்கிக் கடனுக்கு வழி செய்து, நிலத்தைப் பேசி வாங்கி, ஆயிரக்கணக்கான நிலமற்ற குடும்பங்களுக்கு ஏறத்தாழ ஆளுக்கு ஓர் ஏக்கர் வீதம் பெண்கள் பேரிலேயே பதிவு செய்து கொடுத்தார்கள். சகேயுவின் கணக்கை நம் டெல்டாவில் போட்டுக் காட்டியவர்கள் அவர்கள்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

பாதிக்கப்பட்டவரே முன்வந்து மன்னித்ததும் உண்டு. ஒரிசாவில் தொழுநோயாளிகளுக்குத் தொண்டு செய்த கிரகாம் ஸ்டெயின்ஸ் பாதிரியாரையும், பத்து வயசும் ஆறு வயசுமான அவர் பையன்கள் இருவரையும் 1999 ஜனவரியில் மனோகர்பூர் கிராமத்தில் வண்டிக்குள் வைத்து எரித்தார்கள். அவர் மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்றார். நாட்டை விட்டு உடனே ஓடவில்லை. அதே ஒரிசாவில் அதே தொழுநோயாளிகளுக்கு மேலும் சில வருஷம் வேலை செய்தார். ஆனால் மன்னிப்பு வேறு, குற்றத்துக்குச் சட்டம் தரும் பலன் வேறு, இரண்டையும் குழப்பக் கூடாது என்பதையும் தெளிவாகச் சொன்னார். குற்றவாளிக்கு ஆயுள் தண்டனையை 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அவர் மன்னித்ததை யாரும் அவரிடம் கேட்டு வாங்கவில்லை, அவராகக் கொடுத்தார். அதனால்தான் அதற்கு அவ்வளவு கனம்.

"இதெல்லாம் பழைய கதை, இப்ப யாரு சாதி பாக்குறா?" என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலுக்கு 2022 டிசம்பரில் ஆட்சியர் நேரில் போனபோது, அங்கே டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பது வெளியே வந்து வழக்குப் பதிவானது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024-இல் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் கலர்க் கயிறு கட்டுவதைத் தடை செய்ய வேண்டும் என்பது அதில் ஒரு பரிந்துரை. கயிறு கட்டியது யார்? படிக்காத கிழவர்களா? நம் வயசுப் பையன்கள்தானே!

ஆகவே நண்பர்களே, நாம் என்ன செய்யலாம்? உலகத்தைத் திருத்தும் திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. நாம் இருக்கும் இடத்தில் செய்யக் கூடிய நாலைந்து காரியம் மட்டும்:

மெஸ்ஸில் தினமும் ஒரே ஆட்களோடு ஒரே மேஜையில் உட்காருவதை வாரத்தில் இரண்டு நாளாவது மாற்றுவோம். சங்கத் தேர்தலில் 'நம்ம ஆளு' என்று ஓட்டுக் கேட்டு வருபவன் எவனாக இருந்தாலும், அந்த ஒரு வார்த்தைக்காகவே அவனுக்கு ஓட்டுப் போட மாட்டோம். லேபில், ஒர்க்‌ஷாப்பில் பேட்ச் பிரிக்கும்போது ரோல் நம்பர் வரிசைப்படியே இருந்து விட்டுப் போகட்டும், சிபாரிசுக்குப் போக வேண்டாம். பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ நண்பனை வீட்டுக்குக் கூப்பிடுவது நல்லதுதான். அதைவிட நல்லது, எந்தத் தெருவுக்கு நம் வீட்டார் போக மாட்டார்களோ அந்தத் தெருவில் நண்பன் வீட்டுக்குப் போய், அவன் அம்மா கையால் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடிப்பது. கிணற்றடியில் இயேசு செய்தது அதுதான். சீனியர்களுக்கு ஒன்று. ராகிங்கிலோ, சாதிப் பேச்சிலோ யாரையாவது காயப்படுத்தியிருந்தால், கோர்ஸ் முடிந்து பிரியும் நாளில் ஆட்டோகிராப் நோட்டில் 'மறந்துவிடு' என்று எழுதாதீர்கள். நேரில் போய்க் கேளுங்கள். அவன் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் போகலாம். அது அவன் உரிமை. போவது நம் கடமை.

கிறிஸ்தவ நண்பர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். உங்களிடம் இருப்பது மிகக் கூர்மையான அளவுகோல். அதை மற்றவர்களை அளக்க மட்டும் வைத்துக் கொள்ளாதீர்கள். உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்திலும், தேர் பவனி போகும் தெருவிலும் வைத்துப் பாருங்கள். மற்ற நண்பர்களும் "இது அவங்க சமாசாரம்" என்று ஒதுங்க வேண்டியதில்லை. குவளை எல்லா வீட்டிலும் இருக்கிறது.

நாமெல்லாம் காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். மேட்டூர் திறந்தாச்சு, கல்லணை வந்தாச்சு என்று பேப்பரில் போட்டால் கடைமடை விவசாயி கேட்கும் ஒரே கேள்வி, "நம்ம வாய்க்காலுக்கு வந்துச்சா?" என்பதுதான். தலைமடையில் கரை புரண்டு ஓடினாலும் கடைசி வயலில் ஏறாவிட்டால் அந்த வருஷம் அங்கே சம்பா இல்லை. அன்புக்கும் அதே கணக்குத்தான். மேடையில் எவ்வளவு ஓடியது என்று பார்க்காதீர்கள். பந்தியின் கடைசி இலை வரை வந்ததா என்று பாருங்கள்!

சிந்திப்போம்! சேர்ந்து உட்காருவோம்!